பதினோராவது கிளாஸ்

அந்தப் பக்கம் வேணாம்ண்ணே, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. எனக்கு இடது காது கேக்காது. நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருப்பீங்க, நான் பாட்டுக்குத் தலையாட்டிட்டே இருப்பேன், கடைசியில எதுக்குச் சம்மதிச்சேன்னு எனக்கே தெரியாது. ம், இப்ப சரி. பையைக் கீழ வைங்க. முதல்ல இதைக் குடிங்க. கடை தொறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, நாற்காலியெல்லாம் மேஜை மேலயே கெடக்கட்டும். இனிப்பு ஒயின்தான், விஷம் ஒண்ணும் இல்ல. எந்தக் கம்பெனி சேல்ஸ்மேன் வந்தாலும் முதல்ல இது ஒரு கிளாஸ் குடுப்பேன். அப்புறம்தான் பேச்சு.

என்னண்ணே, ஒரே மடக்குல முடிச்சுட்டீங்க. கிளாஸை வேற கவுத்து வெச்சுட்டீங்க. அட, நிமித்தாதீங்க, அப்படியே இருக்கட்டும். எங்க புடிச்சீங்க இந்தப் பழக்கத்தை? ஓ, கேக்காம ரெண்டாவது ஊத்திடுவாங்கன்னா. சரிதான். ஒரு நாளைக்குப் பத்துக் கடை ஏறி எறங்கற வேலை, எல்லா எடத்துலயும் குடிச்சா வீடு போய்ச் சேர முடியாது.

இந்தப் பக்கம் இதுதான் முதல் தடவையா? ம். முதல் தடவைன்னா முதல் தடவை.

உங்க நெலமையை வாசல்லயே சொல்லிட்டீங்களே, எனக்குப் புரியுது. இந்தத் தெருவுல நான் எடுத்தா மத்த அஞ்சு கடைக்காரனும் எடுப்பான், நான் எடுக்கலன்னா எவனும் சீந்த மாட்டான். இந்தத் தடவையும் வெறுங்கையோட போனா கம்பெனியில உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அம்பது தாண்டினவருக்கு வேற யாரு வேலை குடுக்கப் போறா. நான் மாட்டேன்னு சொல்லவே இல்லியே. லிஸ்டைக் குடுங்க, கண்ணாடி போட்டுட்டுப் பாக்கறேன். ஆனா அவசரப்படக்கூடாது. ஒரு பாட்டிலை என் அலமாரியில ஏத்தறேன்னா அது வெறும் பாட்டில் இல்லண்ணே. அது பின்னாடியே பத்துப் பேர் வருவாங்க. அந்தப் பத்துப் பேர் மூஞ்சியை நான் தெனம் பாத்தாகணும்.

சிரிக்காதீங்க. இருவத்தாறு வருஷமா இந்தக் கவுண்டருக்குப் பின்னாடி நிக்கறேன். கடைக்கு என்ன பேரு வெச்சோம், எந்தக் கலர்ல லைட்டு போட்டோம், அதுக்கெல்லாம் எவனும் வர்றதில்ல. அலமாரியில என்ன இருக்கோ அதுக்குத் தகுந்த ஆளுதான் வருவான். இப்ப உங்க லிஸ்டுல முதல்ல இருக்கே, கறுப்பு ரம். இதை வெச்சேன்னா ஒரே வாரத்துல லாரிக்காரங்க வந்துடுவாங்க. வந்து உக்கார மாட்டாங்க, நின்னுக்கிட்டே ஊத்திக்கிட்டுப் போயிடுவாங்க. சண்டை வந்தா சீக்கிரம் வரும், சீக்கிரம் முடியும். அவங்க மேல எனக்குக் கோவமே கெடையாது.

பிராந்தி வெச்சா வேற ஜாதி. ரிட்டையர் ஆனவங்க, புரோக்கர்ங்க, மூட்டு வலிக்காரங்க. ஒவ்வொருத்தனும் மருந்துக்காகத்தான் குடிக்கிறேம்பான். டாக்டரே சொன்னாரும்பான். அந்த டாக்டரும் பக்கத்து மேஜையிலதான் உக்காந்திருப்பார். பழத்தைப் போட்டு ஐஸைப் போட்டு கலர் கலராக் கலக்கிக் குடுத்தீங்கன்னா ஆபீஸ் பொண்ணுங்க வரும். ஒரு கிளாஸை வெச்சுக்கிட்டு ஒன்றரை மணி நேரம் மேனேஜரைத் திட்டும். நல்லாத் திட்டுவாளுங்க, எனக்கே ஆசையா இருக்கும் கேக்க. அப்புறம் இந்தக் கசப்பு பீர் இருக்கே, குழாய்ல புடிக்கிறது. அதுக்கு வர்றவன் குடிக்கவே மாட்டான். மூக்கை உள்ள விட்டு மோந்து பாத்துட்டு, மழை பேஞ்ச மண்ணு வாசனை வருதும்பான். மண்ணுதான் வேணும்னா வாசல்லயே கெடக்கே, அள்ளிட்டுப் போடான்னு வாய் வரைக்கும் வரும். ஆனா மரியாதையான பசங்க. கிளாஸை அவனே எடுத்துட்டு வந்து குடுப்பான்.

இப்ப என் கடைக்கு வர்றதெல்லாம் இவங்கதான். பொண்ணுங்களும் மோந்து பாக்கறவனும். ஒரு சத்தம் கெடையாது. என்னை மேடம்பாங்க. முன்னாடி இப்படி இல்ல. முன்னாடி இங்க ஒரு கூட்டம் இருந்தது, வழக்கக்காரங்கன்னு சொல்லுவோம். உள்ள வரும்போதே வழக்கம் அப்படின்னு ஒரு வார்த்தைதான் சொல்லுவாங்க. என்ன சரக்கு, எவ்வளவு, சோடாவா தண்ணியா, எதையும் சொல்ல மாட்டாங்க. சொன்னா கௌரவக் கொறச்சல். வழக்கம்னு சொன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பதினோரு பேருக்குப் பதினோரு வழக்கம், எனக்கு அத்தனையும் மனப்பாடம். எல்லாரும் என்னை அண்ணிம்பாங்க.

அவங்க என்ன ஆனாங்கன்னா கேக்கறீங்க. நான்தான் அனுப்பிச்சேன். சண்டை போட்டா? ஐயையோ. ஒருத்தனையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஒருத்தனை வெளிய போடான்னா மறுநாளும் வருவான், போதாததுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வருவான். அவன் சரக்கை எடுத்துடணும். அவ்வளவுதான். கம்பெனியிலயே நிறுத்திட்டாங்களாம்ண்ணேன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு சொல்லிட்டா முடிஞ்சது. உங்க கம்பெனி பேரைக் கூட ரெண்டு தடவை இழுத்திருக்கேன், மன்னிச்சுக்கோங்க. ரெண்டு நாள் வேற எதையாவது குடிச்சுப் பாப்பான், மூணாவது நாள் எதிர்க் கடையில இருப்பான்.

சில பேரு அப்படியும் போக மாட்டான், ஒட்டிக்கிட்டே கெடப்பான். அவனுக்கு வேற வைத்தியம். கவுண்டர்ல புது ஆளை நிறுத்தி ஒரே ஒரு வரி சொல்லிக் குடுத்தேன். எவன் வந்து வழக்கம்னு சொன்னாலும், சொல்லுங்க சார், என்ன வேணும்னு கேக்கணும். சிரிச்ச மூஞ்சியாக் கேக்கணும். அவ்வளவுதான். பதினஞ்சு வருஷமா ஒரே எடத்துல உக்காந்து குடிச்ச மனுஷன், செருப்பால அடிச்சாக் கூடத் தாங்கிக்குவான் அண்ணே, சார் என்ன வேணும்னு கேட்டா தாங்க மாட்டான். நான் பாத்திருக்கேன். கை கவுண்டர் மேலயே நிக்கும். எடுக்கவும் தெரியாது, வைக்கவும் தெரியாது.

நிலம் புரோக்கர் ஒருத்தர். பிராந்தி, ரெண்டு ஐஸு, சோடா கூடாது. புது மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்தார். வர்ற வழியெல்லாம் பெருமை அடிச்சிருப்பார், என் கடை, என் எடம், நான் வாயே தொறக்க வேணாம்னு. வந்து உக்காந்து மாப்பிள்ளையைப் பாத்துக்கிட்டே வழக்கம்னார். நம்ம ஆளு, என்ன வேணும் சார்னான். இவரு சிரிச்சுக்கிட்டே மறுபடியும் வழக்கம்பான்னார். எது சார்ங்கறான். அப்புறம் என் பக்கம் திரும்பி, அண்ணி, நீங்களாவது சொல்லுங்கன்னார். நான் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டு நிதானமாப் பாத்தேன். புதுசா வர்றீங்களா, முன்னாடி பாத்த ஞாபகம் இல்லியேன்னேன். அந்த மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் அன்னிக்கு ராத்திரி ரெண்டு சப்பாத்தி கூடுதலாச் சாப்பிட்டேன்.

அது ஒண்ணுமில்ல. மேல மாடியில தட்டற சத்தம். என் வீட்டுக்காரர். தடியால தரையில தட்டுவார். ஒம்போது வருஷமாப் படுக்கைதான், வலது பக்கம் பூரா விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. போய்ப் பாக்கலாம், மெதுவா. இன்னும் நாலு தடவை தட்டுவார். கடை அவரோடதுதான், அவங்க அப்பா காலத்துக் கடை. ஆனா சரக்கு எழுதிப் போடறது எப்பவும் நான்தான். அவருக்கு எழுத்து வேலைன்னா அலர்ஜி. அதுதான் எனக்கு வசதியாப் போச்சு. கூட்டாளி ஒவ்வொருத்தனா கொறையறது அவருக்குத் தெரிஞ்சது, ஏன்னு தெரியல. காலம் கெட்டுப் போச்சும்பார். கடைசியில அவரோட ரம்மையும் எடுத்தேன். சொந்தக் கடையில சொந்தக்காரனுக்கு வழக்கம் இல்ல. எதிர்க் கடைக்குக் கால் தேய நடந்தார். அங்க வாசல்லதான் விழுந்தார்.

பாத்ரூமா? போயிட்டு வாங்கண்ணே.

வந்துட்டீங்களா. நான் வழி சொல்றதுக்குள்ள போயிட்டீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் வாசப் பக்கம் போய் நின்னு முழிப்பாங்க. அந்தக் கதவு அலமாரி மாதிரி இருக்கும், யாருக்கும் கண்ணுல படாது. குத்து மதிப்பாப் போனீங்களா. நல்ல குத்து மதிப்பு. இந்தாங்க, இன்னும் ஒரு வாய். புடிங்கண்ணே, ஆர்டர் எழுதறவ ஊத்தறா, வேணாம்பீங்களா.

ஏன் அவங்களை அனுப்பினேன்னா? வியாபாரத்துக்குத்தான்னு வெச்சுக்கோங்களேன். சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். பதினாலு வருஷம் முன்னாடி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடை நெறஞ்சிருந்தது, யார் வந்தா யார் போறான்னு பாக்கவே நேரமில்ல. தையக்காரர் ஒருத்தர், பொல்லாத வாயி, விளையாட்டுக்குச் சொன்னார். அண்ணி கை ஊத்தினா மட்டும் அளவு கொஞ்சம் கம்மியாவே விழுதேன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என் வீட்டுக்காரர் சிரிக்கல. என் கடையில வந்து அளவு கொறச்சல்னு சொல்ற மாதிரி ஆக்கிட்டியேடின்னு, முடியைப் புடிச்சு கவுண்டருக்கு இந்தப் பக்கம் இழுத்துட்டு வந்து போட்டார். இதோ, நீங்க கால் வெச்சிருக்கீங்களே, அந்த எடத்துலதான். எத்தனை அடின்னு எனக்கு ஞாபகம் இல்ல. காதுல ஒரு அடி விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கு, ஏன்னா அதுக்கப்புறம் சத்தமெல்லாம் பாதியாப் போச்சு.

ஒருத்தன் எந்திரிக்கல அண்ணே. கீழ கெடந்தேன்ல, காலுங்க மட்டும்தான் தெரிஞ்சது. வரிசையா செருப்பு, ஷூ. ஒரு காலும் நகரல. அப்பப் பாத்து அந்தப் புரோக்கரோட போன் அடிச்சது, எடுத்தார். யாரோ என்ன சத்தம்னு கேட்டிருக்காங்க. ஒண்ணுமில்ல, இங்க வழக்கம்தான்னார். சொல்லிட்டு நாளைக்குப் பாக்க வேண்டிய நிலத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். அந்த வார்த்தைதான் என்னைக் கொன்னுடுச்சு. அடி இல்ல. அத்தனை நாள் அவங்க அந்த வார்த்தையைச் சொன்னப்பெல்லாம் ஓடி ஓடி ஊத்திக் குடுத்தவ நான்.

அப்புறம் ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க. என் வீட்டுக்காரரும் மேல போயிட்டார். நான் எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டு கிளாஸை எடுத்து வைக்க ஆரம்பிச்சேன். வேற யாரு எடுப்பா. எடுக்க எடுக்கத்தான் தெரிஞ்சது, யார் யார் இருந்தாங்கன்னு எனக்கு மூஞ்சி தெரியலன்னாலும் கிளாஸ் தெரியுதேன்னு. நுரை காஞ்ச பெரிய கிளாஸ், தையக்காரர். சோடா இல்லாத பிராந்தி, புரோக்கர். ரம்முல எலுமிச்சை மெதக்குதா, டயர் கடை அண்ணன், எலுமிச்சை இல்லன்னா தம்பி. வீட்டுக்காரரோடது போக மொத்தம் பதினொண்ணு. பத்தையும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிட்டேன். பதினோராவது சின்னக் கிளாஸ், அடியில இனிப்பு ஒயின் ஒட்டியிருந்தது. இனிப்பு ஒயின் இந்தக் கடையில ஒரே ஒரு ஆள்தான் குடிப்பார். வாத்தியார்.

பொண்டாட்டி போன மனுஷன். சாயங்காலம் வந்து மூலையில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டே ஒரே ஒரு கிளாஸ். ஏம்மா, சாப்பிட்டியான்னு கேக்கற ஒரே ஆளு. அவரும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரான்னு நெனைக்கவே எனக்கு வயிறு எரிஞ்சது. மத்தவங்களைவிட அவர் மேலதான் கோவம் ஜாஸ்தி. அதனாலேயே அவரைக் கடைசிக்கு வெச்சேன். பத்துப் பேரும் போயி, என் வீட்டுக்காரரும் படுக்கையில விழுந்ததுக்கு அப்புறம்தான் இனிப்பு ஒயினை எடுத்தேன். வாத்தியார் போகல. டீ கேட்டார், சோடா கேட்டார், பேப்பரைப் பிரிச்சு உக்காந்துக்கிட்டார். அப்புறம் ஒரு நாள் நம்ம ஆளு கேட்டான், சொல்லுங்க சார், என்ன வேணும்னு. அவர் என்னைப் பாத்தார். நான் துணியை எடுத்துத் தொடைச்ச எடத்தையே தொடைச்சுக்கிட்டு நின்னேன். ஒரு கிளாஸ் தண்ணி மட்டும் குடும்மான்னார். குடிச்சுட்டு, பேப்பரை நாலா மடிச்சு, போயிட்டார்.

ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்குள்ள செத்துக் கெடந்தார். வாசல்ல நாலு நாள் பேப்பர் கெடந்ததைப் பாத்துத்தான் பக்கத்து வீட்டுக்காரங்க கதவை ஒடைச்சாங்க. இங்க வந்துட்டிருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும், வாத்தியாரைக் காணோமேன்னு நானே ஆள் அனுப்பியிருப்பேன். அவரு தங்கச்சி வந்தாங்க சொல்றதுக்கு. இந்தக் கடையைப் பத்தித்தான் எப்பவும் பேசுவாராம். நான் கொஞ்சம் முறைப்பாத்தான் நின்னேன். அவங்க பாட்டுக்கு அழுதுக்கிட்டே சொல்றாங்க, சனிக்கிழமை மட்டும் அண்ணன் இங்க வர மாட்டாருங்களே, காலையிலயே எங்க வீட்டுக்கு வந்துடுவார், இருவது வருஷத்துல ஒரு சனிக்கிழமை தவறினதில்லன்னு.

அழுதேன் அண்ணே. ஏன் அழாம. அவருக்காகப் பாதி, என் கண்ணு தப்பிடுச்சேன்னு பாதி. கிளாஸைப் பாத்தா ஆளைச் சொல்லிடுவேன்னு அவ்வளவு திமிரு எனக்கு, சனிக்கிழமைக் கூட்டத்துல அந்த மூலையில அவரு இல்லாததைக் கூடக் கவனிச்சதில்ல. அப்புறம்தான் யோசிச்சேன், ராத்திரி பகலா யோசிச்சேன். அன்னிக்குக் கவுண்டர் ஓரத்துல ஒரு பாட்டில் இருந்தது. நாங்க வாங்காத ஒயினு. லேபிள் ஞாபகம் இல்ல, சாம்பிள்னு ஓரத்துல முத்திரை மட்டும் ஞாபகம் இருந்தது. அப்ப அன்னிக்கு எவனோ ஒரு சேல்ஸ்மேன் உக்காந்திருக்கான். வீட்டுக்காரரைக் கேக்கலாம்னு மேல ஓடினேன். அவருக்குத்தான் வாய் இல்லியே. தடியால தட்டறார்.

அதுல இருந்துதான் இந்த இனிப்பு ஒயின். எட்டு வருஷமா வர்ற போற சேல்ஸ்மேன் எல்லாருக்கும் ஒரு கிளாஸ். ஏன்னா இன்னொண்ணும் ஞாபகம் வந்துடுச்சு. வாத்தியார் கிளாஸை ஒரு நாளும் கவுத்து வெச்சதில்ல. அந்தப் பதினோராவது கிளாஸ் கவுந்திருந்தது. அன்னிக்கே பாத்தேன், பாத்தும் எனக்கு உறைக்கல. நல்ல மனுஷனைச் சாகடிச்சுட்டேன் அதுல.

ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க. ரெண்டாவதையும் கவுத்துட்டீங்க, பாருங்க. கை தானாப் போகுது, நீங்க என்ன பண்ணுவீங்க.

அதெல்லாம் சொல்ல வேணாம். அப்ப வேலைக்குப் புதுசு, கடைக்காரரைப் பகைச்சுக்கிட்டா ஆர்டர் போயிடும், இன்னொருத்தர் குடும்ப விஷயம், நாம யாரு நடுவுல போக. எல்லாம் எனக்குத் தெரியும், பத்துப் பேரும் அதைத்தான் நெனச்சிருப்பாங்க. நான் உங்களைத் திட்டினேனா? ஒரு வார்த்தை சொன்னேனா? பொண்ணுக்கு இப்பத்தான் வரன் பாக்கறீங்களா. ம். நல்ல எடமா அமையட்டும். கை ஓங்காதவனாப் பாருங்க.

இந்தாங்க உங்க லிஸ்டு. பையில வெச்சுக்கோங்க, கசங்கப் போகுது. மத்த அஞ்சு கடைக்கும் நீங்க அலைய வேணாம், நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். நான் சொன்னாக் கேப்பாங்க, அது உங்களுக்கே தெரியுமே.

இதோ, மறுபடியும் தட்டறார். தெனம் இந்த நேரம்தான். நான் மேல போய்க் கட்டில் பக்கத்துல நிப்பேன், அவர் வாயைக் கோணிக்கிட்டு வழ, வழன்னு இழுப்பார். அதுக்கு மேல வராது. நானும் குனிஞ்சு சிரிச்ச மூஞ்சியாத்தான் கேக்கறேன். ஒரு நாளைக்காவது சொல்லிட்டா ஊத்திக் குடுத்துடுவேன், அலமாரிக்குப் பின்னாடி அவரு ரம்மு ஒரு பாட்டில் வெச்சிருக்கேன்.

போயிட்டு வந்துடறேன். அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு கிளாஸையும் இப்படித் தள்ளுங்க, கழுவணும். அட, கடைக்குள்ள நின்னுக்கிட்டே இருந்தா எப்படி. சொல்லுங்க சார், என்ன வேணும்?